மோட்டார் வண்டியில் வானொலி இயங்காவிடில்

மும்பையில் வண்டியோட்டிப் பிழைக்கும் தமிழன்பர்களுக்கு வானொலி ஒரு பொழுதுபோக்குக் கருவி மட்டுமன்று. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாளன்று சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. வண்டிகள் இரவெல்லாம் சாலையிலேயே நின்றன. கைத்தொலைபேசித் தொடர்பும் பல பகுதிகளில் அற்றுப் போயிற்று. அத்தகைய வேளையில், வண்டியின் பாட்டரி ஒன்றையே துணையாகக் கொண்டு, வெளியுலகச் செய்தியை நம்மிடம் கொண்டுவர வல்லது வானொலி. ஆகவே, அது இயங்காதிருப்பின் மழைக்காலம் தொடங்குமுன் காரணத்தைக் கண்டு சீர்செய்துகொள்வது அறிவுடைமையாகும்.

விசையை அழுத்தியும் முகப்பில் ஒளி இல்லை, ஓசையும் இல்லை எனில், 'செட் கெட்டுவிட்டது' என்று நம்மவர் பலர் முடிவு கட்டி, குர்லாக் கடைகளில் புதிய செட்டுக்கு விலைபேசத் தொடங்கிவிடுகின்றனர். இம்முடிவு பெரும்பாலும் அவசரமானது. வால்வுகளால் இயங்கிய பழைய செட்டுகளில் தேய்ந்தும் எரிந்தும் போகும் உறுப்புகள் பல இருந்தன. 1947இல் டிரான்சிஸ்டர் கண்டறியப்பட்டது. 1955இல் முழுதும் டிரான்சிஸ்டரால் ஆன மோட்டார் வானொலி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் பின்னர் செட்டினுள் எளிதில் கெடும் உறுப்புகள் குறைந்தன. இன்று ஒரு செட் அறவே உயிரற்றுக் கிடந்தால், மின்சாரம் அதனை வந்தடைகிறதா என்பதையே முதலில் ஐயுற வேண்டும்.

மின்சாரத்தின் பாதை எளிதானது. பாட்டரியில் புறப்பட்டு, பியூஸ் எனப்படும் உருகுகம்பியின் வழியாகச் செட்டை அடைந்து, வண்டியின் இரும்புடல் வழியாகப் பாட்டரிக்கே திரும்புகிறது. இத்திரும்பு வழிக்கே 'எர்த்' என்று பெயர். இப்பாதையில் எங்கே தடை என்று வரிசையாகப் பார்த்துச் செல்வதே முறை.

முதலாவது, சாவியும் பாட்டரியும். பல வண்டிகளில் சாவியை 'ஏசிசி' என்னும் முதல் நிலைக்குத் திருப்பினாலன்றி வானொலி இயங்காது. ஹாரன் தளர்ந்து ஒலித்தாலோ, முன்விளக்கு மங்கினாலோ, குறை பாட்டரியிலேயே இருக்கக்கூடும். ஓய்விலிருக்கும் நல்ல பாட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழிறங்கினால் அதற்கு மின்னேற்றம் தேவை. முகப்பைக் கழற்றி மாட்டும் வகைச் செட்டானால், அதன் இணைப்பு முனைகளைத் துடைத்து மீண்டும் அழுத்தி மாட்டிப் பார்க்கலாம்.

இரண்டாவது, பியூஸ். சிகரெட் பற்றவைக்கும் குழியும் வானொலியும் ஒரே பியூஸைப் பங்கிட்டுக்கொள்ளும் வண்டிகள் பல உண்டு. அக்குழியில் கைத்தொலைபேசிக்கு மின்னேற்றம் நிகழவில்லையெனில் ஐயம் வலுப்பெறும். ஒரு நாணயம் அக்குழிக்குள் விழுந்தாலும் பியூஸ் உருகிவிடும். 12 வோல்ட் சோதனை விளக்கொன்று இருந்தால் பியூஸைப் பிடுங்க வேண்டியதில்லை. சாவியைத் திருப்பி வைத்து, விளக்கின் ஒரு முனையை வண்டியின் வர்ணமற்ற இரும்பில் மாட்டுங்கள். மறுமுனையால் பியூஸின் தலையில் தெரியும் இரு உலோகப் புள்ளிகளையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். இரண்டிலும் விளக்கு எரிந்தால் பியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் அது உருகிவிட்டது. இரண்டிலும் எரியாவிடில் மின்சாரமே அங்கு வரவில்லை. செட்டின் முதுகிலும் தனியே ஒரு பியூஸ் இருக்கலாம். அதனையும் பார்க்க மறத்தலாகாது.

இங்கு ஓர் எச்சரிக்கை. 10 ஆம்பியர் பியூஸ் சிவப்பு, 15 ஆம்பியர் நீலம், 20 ஆம்பியர் மஞ்சள். உருகியது எவ்வளவோ அவ்வளவே மீண்டும் இட வேண்டும். புதியதும் உடனே உருகினால், எங்கோ கம்பி உராய்ந்து இரும்பைத் தொடுகிறது என்று பொருள். அப்பொழுது பெரிய பியூஸோ, செப்புக் கம்பியோ, சிகரெட் பெட்டியின் ஈயத்தாளோ இட்டு ஒப்பேற்றுவது பெருந்தீங்கு. பியூஸ் தான் உருகிக் கம்பியைக் காப்பது. அது உருகாவிடில் முகப்புப் பலகையின் பின்னுள்ள கம்பியே பழுத்துத் தீப்பற்றும். இயற்கை எரிவாயுவால் டாக்சிகள் ஓடும் இந்நகரில் அதன் விளைவை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, செட்டின் பின்னுள்ள கம்பிகள். கடையில் வாங்கிப் பொருத்தும் செட்டுகளில், பொதுவாக மஞ்சள் கம்பிக்கு எப்பொழுதும் மின்சாரம் வரவேண்டும், சிவப்புக்குச் சாவி திருப்பியபின் வரவேண்டும், கறுப்பு எர்த். மஞ்சளிலும் சிவப்பிலும் விளக்கு எரிந்தும் செட் உறங்குமாயின், அடுத்து எர்த்தைச் சோதிக்க வேண்டும்.

மான்குர்த் அன்பர்கள் இதனைச் சிறப்பாகக் கருத வேண்டும். தாணே கடற்கழியின் ஓரத்தில் அமைந்த இப்பகுதியில் உப்பேறிய ஈரக்காற்று இரும்பைத் துருவாக்கி, செப்பு முனைகளில் பச்சைக் களிம்பைப் படியச் செய்கிறது. எர்த் திருகாணி இறுக்கமாகவே தோன்றும்; அதன் அடியில் துரு மின்சாரத்தை மறிக்கும். கறுப்புக் கம்பியிலிருந்து வேறொரு கம்பியைத் தற்காலிகமாகத் தூய இரும்பில் தொடுவித்துப் பாருங்கள். செட் விழித்துக்கொண்டால் காரணம் தெரிந்துவிட்டது. எர்த் முனையைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினால் போதும். பணச்செலவு ஏறக்குறைய இல்லை.

கம்பிகளில் கைவைக்குமுன் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். சோதனைக்கு மட்டுமே மீண்டும் இணைக்கலாம். சில செட்டுகள், பாட்டரி இணைப்பு அற்று மீண்டதும் இரகசிய எண்ணைக் கேட்கும். கழற்றுமுன் அதனைக் குறித்து வைத்துக்கொள்க. மஞ்சள் உறையிட்ட காற்றுப்பை இணைப்புகளை ஒருபோதும் தொடலாகாது. அண்மைக்கால வண்டிகள் சிலவற்றில் செட்டை எழுப்புவது சாவிக் கம்பியன்று, வண்டியின் கணினிச் செய்தி. அவற்றைப் பயின்றோரிடமே ஒப்புவிக்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்தபின், மூன்று கம்பிகளும் செவ்வையாயிருந்தும் செட் இயங்காவிடில், அப்பொழுதுதான் அதனைக் குறைகூறலாம். பழுதுபார்க்கும் கடையில் இந்தியோ மராத்தியோ நமக்குத் தடுமாறலாம். ஆனால் பாட்டரி, பியூஸ், எர்த் என்னும் சொற்கள் எம்மொழியாருக்கும் பொது. 'பியூஸ் நல்லது, சிவப்பில் மின்சாரம் வருகிறது, எர்த் பார்த்தாயிற்று' என்று சொல்லத் தெரிந்தவரிடம், தேவையற்ற புதிய செட்டை எவரும் எளிதில் விற்றுவிட இயலாது.