மெலித்தா தீவுக்கு ஒரு குடும்பப் பயணம்



புனே விமான் நகரில் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்கள் அனைவரும் அறிந்த காரியம் ஒன்று உண்டு. தேவசெய்தி நடந்துகொண்டிருக்கும்போதே லோகேகாவ் விமான நிலையத்திலிருந்து எழும்பும் விமானம் பேரிரைச்சலோடு கடந்துபோகும். போதகர் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்வார். பிள்ளைகளின் கண்கள் மட்டும் சன்னலுக்கு வெளியே போய்விடும். வீட்டுக்குத் திரும்புகையில், "நாம் எப்போது அதில் போவோம்?" என்று கேட்காத பிள்ளை நம்மிடையே குறைவு.

அப்படிக் கேட்ட ஒரு சிறுவனின் தகப்பன் சில ஆண்டுகளுக்கு முன்பு ஆலோசனைக்காக என்னிடம் வந்தார். கராடியில் மென்பொருள் வேலை செய்கிறவர். ஆண்டுதோறும் மே மாதத்தில் குடும்பத்தோடு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறி, நாசரேத்துக்கு அருகே தனித்திருக்கும் தாயாரைப் பார்த்து வருவது அவர் வழக்கம். அந்த ஆண்டு, அப்போஸ்தலனாகிய பவுல் கரையேறிய மெலித்தா தீவைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவர் மனைவிக்கு உண்டாயிற்று. பயண முகவர் ஒருவர் மே மாதத்துக்கே திட்டம் போட்டுக் கொடுத்துவிட்டார். வங்கி இருப்பு போதவில்லை என்றபோது, "சில லட்சங்களை யாரிடமாவது கைமாற்றாக வாங்கிக் கணக்கில் போடுங்கள், விசா கிடைத்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்றும் சொல்லிக் கொடுத்திருந்தார்.

"ஐயா, உல்லாசப் பயணம் போவது பாவமா?" என்று அந்தச் சகோதரர் கேட்டார்.

ஊழியத்தில் களைத்துப்போன தம்முடைய சீஷர்களைத் தனித்த இடத்துக்கு வந்து சற்று இளைப்பாறும்படி அழைத்தவர் நம் ஆண்டவரே (மாற்கு 6:31). ஆகவே இளைப்பாறுதலைப் பாவம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் எந்தக் காலத்தில், யாருடைய பணத்தில், எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. அதற்கான பதில் அப்போஸ்தலர் நடபடிகள் 27, 28-ஆம் அதிகாரங்களிலேயே இருக்கிறது. அவற்றை நடுவே வைத்து, அந்தப் பயணத்தை எப்படித் திட்டமிடுவது என்று பார்ப்போம்.

தீவை அறிந்துகொள்வோம்

வேதத்தில் மெலித்தா என்று வாசிக்கும் தீவே இன்றைய மால்டா என்பது பரவலான கருத்து. வேறொரு தீவாக இருக்கலாம் என்று வாதிடுகிற ஆராய்ச்சியாளர் சிலரும் உண்டு. சிசிலித் தீவுக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலின் நடுவே மால்டா, கோசோ, கொமினோ என்னும் தீவுகள் சேர்ந்த சிறு நாடு அது. மொத்தப் பரப்பளவு 316 சதுர கிலோமீட்டர். நம் புனே மாநகராட்சியின் எல்லையைவிடச் சிறியது. 1964-ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்று, 1974-ல் குடியரசாகி, 2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2008 முதல் அங்கே யூரோ நாணயம் புழங்குகிறது.

மால்டிய மொழி அரபு மொழிக்கு நெருங்கிய உறவுடையது. எழுதுவதோ லத்தீன் எழுத்தில். ஆங்கிலமும் ஆட்சிமொழியாதலால் நமக்குப் பேச்சில் சிரமமில்லை. வண்டிகள் நம் நாட்டைப் போல இடப்புறமாகவே செல்கின்றன. நம்மவர்கள் அத்தீவில் கால்வைப்பதும் புதிதன்று. ரஷ்யாவோடு போர் மூளும் என்ற அச்சத்தில் 1878-ல் பிரிட்டிஷ் அரசு ஏறத்தாழ 7,000 இந்தியப் படைவீரர்களை அங்கே கொண்டுபோய் இறக்கியது. மதராஸ் படைப்பிரிவினரும் அவர்களில் இருந்தனர்.

காலத்தைப் பாருங்கள்

பவுல் ஏறிய கப்பல் சேதமடைந்ததற்கு முதற்காரணம், காலம் கடந்து புறப்பட்டதே. உபவாச நாளும் கழிந்துவிட்டது. இனிக் கடற்பயணம் ஆபத்தானது என்று அவர் எச்சரித்தார். நூற்றுக்கு அதிபதியோ மாலுமியின் சொல்லையும் கப்பல் எஜமானின் சொல்லையுமே நம்பினான். அந்த வேளையில் தெற்கிலிருந்து இளங்காற்றும் வீசியதால், தங்கள் எண்ணம் கைகூடிற்றென்று எண்ணினார்கள். சற்று நேரத்துக்குள் யூரோக்கிலிதோன் என்னும் கடுங்காற்று மோதிற்று. முகவர்களின் இனிய பேச்சு பல வேளைகளில் அந்த இளங்காற்றைப் போன்றது என்பதை மறவாதிருங்கள்.

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மால்டாவில் வெயில் 30 டிகிரிக்கு மேல் ஏறும். கூட்டமும் வாடகையும் உச்சத்தில் இருக்கும். ஏப்ரல், மே மாதங்கள் இதமானவை. எனினும் மே மாதம் நம்மில் அநேகருக்குச் சொந்த ஊருக்குரிய மாதம். ஊரில் காத்திருக்கும் தாய் தகப்பனுக்குரிய நாட்களை எடுத்துக் கடல்தீவுக்குக் கொடுப்பது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டார் (மாற்கு 7:10-13). பரிசுத்த வேதாகம இடத்தைப் பார்க்கப் போகிறோம் என்ற காரணம் மட்டும் அவர் முன் நிற்குமோ?

புனே பள்ளிகளின் தீபாவளி விடுமுறை இதற்கு ஏற்றது. அக்டோபர் கடைசியிலும் நவம்பர் தொடக்கத்திலும் பகல் வெப்பம் 20 முதல் 25 டிகிரி வரை இருக்கும். கூட்டம் குறைந்திருக்கும்; தங்குமிடமும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் மழையும் காற்றும் தொடங்கும் பருவம் அது. காற்று பலமாக வீசும் நாட்களில் சிறு படகுகள் ஓடுவதில்லை. ஆதலால் படகுப் பயணத்தைக் கடைசி நாளுக்கு ஒதுக்கி வைக்காதீர்கள்.

செலவைக் கணக்கிடுங்கள்

கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்பது ஆண்டவருடைய போதனை (லூக்கா 14:28). ஒரு தாளில் ஏழு தலைப்புகளை எழுதுங்கள்: விமானக் கட்டணம், தங்குமிடம், உணவு, உள்ளூர்ப் போக்குவரத்து, நுழைவுக் கட்டணங்கள், விசாவும் காப்பீடும், எதிர்பாராத செலவு. கடைசித் தலைப்பை வெறுமையாக விடாதீர்கள்.

புனேயிலிருந்து நேரடி விமானம் இல்லை. மும்பைக்குச் சென்று, வளைகுடா நகரம் ஒன்றிலோ இஸ்தான்புல்லிலோ விமானம் மாற வேண்டும். சமையலறை உள்ள சிறு வாடகை வீடு எடுத்துக்கொண்டால் உணவுச் செலவு வெகுவாகக் குறையும். பருப்புப் பொடியும் ஊறுகாயும் நம் பெட்டியில் இல்லாமலா போகும்? மின்செருகிகள் பிரிட்டனைப் போல மூன்று சதுர முனைகள் கொண்டவை. அதற்கான இணைப்பான் ஒன்றை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். தீவு முழுவதும் பேருந்து செல்கிறது. ஒரு வாரத்துக்கான பயண அட்டை குடும்பங்களுக்குச் சிக்கனமானது. முகவர் மூலம் சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால் அதன்மேல் முன்கூட்டியே வரி பிடிப்பார்கள். இரசீதைப் பத்திரப்படுத்தினால் வருமான வரிக் கணக்கில் அதைச் சரிசெய்துகொள்ளலாம்.

கடன் அட்டையில் போய்விட்டு இரண்டு வருடம் தவணை கட்டுவதில் என்ன இளைப்பாறுதல்? பணம் சேருமட்டும் பயணம் காத்திருக்கட்டும்.

விசாவும் உண்மையும்

மால்டா, ஷெங்கன் உடன்படிக்கையில் சேர்ந்த 29 நாடுகளில் ஒன்று. புறப்படும் நாளுக்கு ஆறு மாதங்களுக்கு முன்னதாக விண்ணப்பிக்க இயலாது. 15 நாட்களுக்குக் குறைவாகவும் கூடாது. இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னரே விண்ணப்பிப்பது நலம். கடவுச்சீட்டு பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லத்தக்கதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உடையதாகவும் இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும், வங்கிக் கணக்கு விவரமும், வருமான வரிப் படிவமும், அலுவலக விடுப்புக் கடிதமும், பயண, தங்குமிட முன்பதிவுகளும் தேவை. 2024 ஜூன் முதல் விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 முதல் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு 45 யூரோ. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குக் கட்டணமில்லை. மையத்தின் சேவைக் கட்டணம் தனி.

இனி அந்தக் கைமாற்றுப் பணத்தின் காரியத்துக்கு வருவோம். "எல்லாரும் செய்வதுதானே" என்று சகோதரர் என்னிடம் சொன்னபோது, அருகில் இருந்த மகன், "அப்பா, அந்தப் பணம் நம்முடையது இல்லையே?" என்றான். அதற்குப் பின் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

உலகப்பிரகாரமாகப் பார்த்தாலும் இது ஆபத்தானது. கணக்கில் திடீரென ஏறும் தொகையை அதிகாரிகள் எளிதில் கண்டுகொள்வார்கள். மறுக்கப்பட்ட விசா பொதுவான கணினிப் பதிவேட்டில் ஏறி, மற்ற ஷெங்கன் நாடுகளின் பார்வைக்கும் வரும். ஆனால் அதைவிடப் பெரிய நஷ்டம் வீட்டுக்குள் நேரிடும். சத்தியத்தைப் பிரசங்கித்துச் சிறைக்கைதியாகச் சென்ற ஒருவரின் காலடித்தடத்தைப் பார்க்க, பொய்யான காகிதத்தோடு போனார் என் தகப்பன் என்று பிள்ளை நினைவுகூர்ந்தால், அதை எந்தப் புகைப்படம் ஈடுசெய்யும்?

ஏழு நாட்களில் எவற்றைப் பார்க்கலாம்?

முதல் இரண்டு நாட்களைத் தலைநகர் வல்லெட்டாவுக்குக் கொடுங்கள். 1565-ல் துருக்கியரின் பெரும் முற்றுகையைத் தாங்கிய பின், 1566-ல் அடிக்கல் நாட்டப்பட்ட கோட்டை நகரம் அது. அங்குள்ள யோவான் ஸ்நானகன் பேராலயத்தில் கரவாஜியோ 1608-ல் தீட்டிய, யோவானின் சிரச்சேத ஓவியம் இருக்கிறது. ஆலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மூடிய உடையோடு செல்லுங்கள்.

மூன்றாம் நாள் பழைய தலைநகர் இம்தினாவும் அதையொட்டிய ரபாத்தும். தீவின் முதலாளியாகிய புபிலியுவின் வீடு இருந்த இடமென்று இம்தினாவின் பேராலயத்தையும், பவுல் தங்கிய குகையென்று ரபாத்தில் ஒரு குகையையும் காட்டுவார்கள். இவை பாரம்பரியமாக வந்தவை. வேதத்தில் இடம் குறிக்கப்படவில்லை. வசனத்தையும் பாரம்பரியத்தையும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்டுங்கள்.

நான்காம் நாள் வடக்கேயுள்ள பவுல் விரிகுடா. கப்பல் மோதியதாகக் கருதப்படும் சிறு தீவில் பவுலின் பெரிய சிலை நிற்கிறது. கரையில் அமர்ந்து 27-ஆம் அதிகாரத்தைக் குடும்பமாக வாசியுங்கள். அரைமணி நேரம் போதும். ஐந்தாம் நாள் கோசோ தீவு. கப்பலில் ஏறத்தாழ 25 நிமிடப் பயணம். அங்குள்ள ஜிகன்தியா கற்கோயில்கள் எகிப்தின் பிரமிடுகளைவிடப் பழமையானவை. நீலச் சாளரம் என்ற கடற்பாறை வளைவு 2017 மார்ச் 8-ல் இடிந்து விழுந்துவிட்டது. விளம்பரத்தில் அதன் படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஆறாம் நாளை மர்சஷ்லோக் மீனவர் ஊருக்கு வைத்துக்கொள்ளலாம். கண் வரையப்பட்ட வண்ணப் படகுகள் பிள்ளைகளை மகிழ்விக்கும்.

ஒரு நாளை ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுங்கள். வீட்டிலும் வேலை, விடுமுறையிலும் வேலை என்று தாய்மார்கள் களைத்துத் திரும்பும் பயணங்களே நம்மிடையே அதிகம். அன்றைய சமையல் தகப்பனுடையதாகட்டும்.

தீ மூட்டிய அந்நியர்கள்

கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். மழையிலும் குளிரிலும் நனைந்து, சரக்கெல்லாம் இழந்து கரையேறினார்கள். தீவாருக்கு அவர்கள் யாரென்று தெரியாது. கைதிகளும் அவர்களில் இருந்தார்கள். ஆயினும் தீ மூட்டி அனைவரையும் சேர்த்துக்கொண்டார்கள். லூக்கா அந்த அன்பைச் சாதாரணமானதல்ல என்று குறித்து வைத்திருக்கிறார் (அப். 28:2).

நம்மில் பலர் ஒரு பெட்டியோடு புனே ரயில் நிலையத்தில் இறங்கியவர்கள். இந்தியும் மராத்தியும் தெரியாத அந்த முதல் வாரத்தில் ஒரு வீட்டில் சோறு கிடைத்தது; ஒரு சபையில் பாய் விரித்தார்கள். அதுவே நமக்கு மூட்டப்பட்ட தீ.

அந்தக் குடும்பம் என்ன செய்தது என்று சொல்லி முடிக்கிறேன். மே மாதம் வழக்கம்போல ஊருக்குச் சென்றார்கள். முகவரின் திட்டத்தை விட்டுவிட்டு மாதந்தோறும் பணம் சேர்த்து, அடுத்த ஆண்டு தீபாவளி விடுமுறையில் தங்கள் சொந்தப் பணத்திலேயே மால்டாவுக்குப் போனார்கள். பவுல் விரிகுடாவின் கரையிலிருந்து தாயாரைத் தொலைபேசியில் அழைத்தபோது, அந்த அம்மா அன்று காலை அதே அதிகாரத்தை வாசித்துவிட்டுக் காத்திருந்தார்களாம். "நம்ம மணப்பாட்டுக் கடல் மாதிரியாடா இருக்கு?" என்று கேட்டார்களாம்.

திரும்பி வந்ததிலிருந்து ஞாயிறு மதியம் அவர்கள் வீட்டில் கூடுதலாக நான்கு தட்டு வைக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் புதிதாக வந்து, அறை தேடிக்கொண்டிருக்கும் வாலிபர்களுக்கு. மால்டாவிலிருந்து என்ன வாங்கி வந்தீர்கள் என்று கேட்கிறவர்களிடம், அச்சகோதரி அந்தத் தட்டுகளையே காட்டுகிறார்கள்.

உங்கள் பயணத் திட்டங்களையும் கர்த்தர் உண்மையிலும் சமாதானத்திலும் வாய்க்கப்பண்ணுவாராக. ஆமென்.