தரையில் கால் ஊன்றாத ஆட்டம்

1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் வாட்டர் போலோ தங்கம் யாருக்குன்னு நினைக்கிறீங்க? நமக்குத்தான், சிங்கப்பூருக்கு வெள்ளி. 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கிய சச்சின் நாக் இந்த அணியிலும் இருந்தார். பிறகு 1970-ல் வெள்ளி, 1982-ல் வெண்கலம். அதோட சரி.

ஓர் அணிக்கு கோல்கீப்பரோடு 7 பேர். மற்ற ஆறு பேரும் பந்தை ஒரே கையால்தான் பிடிக்கணும், தரையில் கால் ஊன்றக் கூடாது. இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி வட்டமாகச் சுழற்றியே மிதக்கணும். உலகப் போட்டிக்குக் குறைந்தது 2 மீட்டர் ஆழம் வேணும்.

கிணற்றில் குதித்து நீச்சல் பழகுகிற புதூர்நாட்டுப் பிள்ளைக்குக் கால் எட்டாத தண்ணீர் புதுசில்ல. அடுத்த பாடத்துக்கு வேண்டியது ஆழமான, அகலமான குளம். அதோடு பந்தும் ஒரு பயிற்சியாளரும்.