பசித்த வயிறும் இரத்தத்தில் சர்க்கரைக் குறைவும்

தென்னேரியில் காலையில் ஒரு குவளைத் தேநீரோடு தறிக்குழியில் இறங்கும் நெசவாளர் பலர். வெயில் ஏறியதும் கை நடுங்குகிறது, வியர்வை வழிகிறது, பாவின் இழை கண்ணுக்குத் தெளியவில்லை. 'பித்தம்' என்று கூறி ஒரு துண்டு வெல்லத்தை வாயிலிட்டுக் கொண்டு மீண்டும் நாடாவைப் பிடிக்கிறோம். இரத்தத்தில் சர்க்கரை குறைவது நீரிழிவுக்கு ஊசியும் மாத்திரையும் கொள்வோர்க்கே உரிய தொல்லை என்பது நம்மிடையே பரவிய எண்ணம். பெரும்பாலும் அது சரியே, முற்றும் சரியன்று.

நலமுள்ளவர் இரவு முழுதும் உண்ணாதிருந்தபின் பார்த்தால் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 70 முதல் 100 மில்லிகிராம் சர்க்கரை இருக்கும். ஒரு வேளை உணவு தப்பினாலும் அது எளிதில் சரிவதில்லை. கல்லீரல்தான் காரணம். கூட்டுறவுச் சங்கத்துக்குச் சேமநிதி எப்படியோ, உடலுக்குக் கல்லீரல் அப்படி. உண்ட உணவின் ஒரு பகுதியைச் சேர்த்து வைத்துப் பசித்த வேளையில் வழங்குகிறது. அந்த இருப்பும் தீர்ந்தால் உடல் கொழுப்பை எரித்து, அந்த வலுவைக் கொண்டு புதிதாகச் சர்க்கரையை ஆக்கிக் கொள்கிறது. ஆகவே தறியில் வரும் மயக்கமெல்லாம் சர்க்கரைக் குறைவு ஆகிவிடாது. களைப்பும், வெப்பமும், நீர் குடியாமையும், சோகையும் அவ்வாறே செய்யும்.

ஆனால் சேமநிதி சிறிதாயிருந்து, புதிதாக ஆக்கும் வழியும் அடைபட்டால் என்ன ஆகும்? பீகார் மாநிலத்து முசாபர்பூரில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. லிச்சிப் பழத் தோட்டங்கள் நிறைந்த வட்டாரம் அது. பழம் கனியும் கோடையில், முன்னிரவில் நலமாயிருந்த குழந்தைகள் விடியற்காலையில் வலிப்புக் கண்டு நினைவிழந்தனர். 1995 முதல் பல ஆண்டுகள் இது தொடர்ந்தது. மூளைக் காய்ச்சல் என்றனர் சிலர். வெயில் என்றனர் சிலர். 2014-ல் மே 26 முதல் ஜூலை 17 வரை அங்கே இரண்டு மருத்துவமனைகளில் சேர்ந்த 390 நோயாளிகளில் 122 பேர் இறந்தனர். சர்க்கரை அளந்து பார்க்கப்பட்ட 327 பேரில் 204 பேருக்கு அது 70 மில்லிகிராமோ அதற்கும் குறைவாகவோ இருந்தது. இவர்கள் நீரிழிவு நோயாளிகள் அல்லர்.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராயிருந்த டாக்டர் ஜேக்கப் ஜானும், முசாபர்பூர்க் குழந்தை மருத்துவர் அருண் ஷாவும் இது தொற்றுநோய் அன்று, லிச்சியிலுள்ள ஒரு நஞ்சோடு தொடர்புடையது என்று சுட்டினர். ஜமைக்காத் தீவில் அக்கி என்னும் பழத்தைக் காயாக உண்டவர்களுக்கு இத்தகைய கேடு நேர்வது முன்பே அறியப்பட்டிருந்தது. இந்நஞ்சு கொழுப்பை எரித்துச் சர்க்கரை ஆக்கும் வழியை அடைக்கிறது. இராச் சாப்பாடு இன்றி உறங்கிய மெலிந்த குழந்தைக்கு விடியுமுன் கல்லீரலின் இருப்புத் தீர்கிறது. வேறு வழியும் இல்லை. பழத்தின்மீது முழுப் பழியையும் சுமத்துவதை அங்குள்ள விவசாயிகள் விரும்பவில்லை. அதில் நியாயம் உண்டு. வயிறார உண்ட குழந்தைகளும் அதே பழத்தைத் தின்றன. அவர்களில் நோயுற்றோர் மிக அரியர்.

ஆராய்ந்தோர் கூறிய யோசனைகள் எளியவை. குழந்தைக்கு மாலையுணவு கட்டாயம் தருக, பழத்தைக் குறைக்க, நோய் கண்டால் உடனே சர்க்கரையை ஏற்றுக. அடுத்த ஆண்டுகளில் நோய் குறைந்தது. 2019-ல் மீண்டும் பெருகி, நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர்.

நம் ஏரிப் பாசனத்தில் லிச்சி விளைவதில்லை. எனினும், புடவையை முடித்துச் சங்கத்தில் ஒப்படைக்க வேண்டிய நாளில் பெற்றோர் இருவரும் தறியிலிருக்க, குழந்தை உண்ணாமலே உறங்கிவிடும் வீடுகள் நம்மிடமும் உண்டு. விளக்கேற்றும் வேளையிலேயே அதற்குச் சோறூட்டிவிட வேண்டும். காய்ச்சலும் வாந்தியுமுள்ள குழந்தையானால் இன்னும் கவனம் தேவை.

பெரியவர்களில் வெறும் வயிற்றில் மது அருந்துவோர்க்கு இதே அபாயம் உண்டு. மதுவும் கல்லீரல் சர்க்கரை ஆக்குவதைத் தடுக்கிறது. நினைவிழந்து கிடப்பவரைப் 'போதை' என்று விட்டு நகர்ந்துவிடக் கூடாது. இரைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்து கொண்டோர்க்கு உண்டபின் சர்க்கரை சரிவதுண்டு. கணையத்தில் கட்டி காரணமாவது மிக அரிது.

நினைவுள்ளவருக்குச் சர்க்கரை கரைத்த நீரைக் கொடுத்து, பின்னர் உணவும் கொடுக்கலாம். நினைவற்றவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. மூச்சுக் குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108 வண்டியை அழைக்க வேண்டும். அடிக்கடி இவ்வாறு நேர்ந்தால், மயக்கம் வந்த அதே வேளையில் இரத்தத்தைச் சோதிக்கச் செய்வது நன்று. சர்க்கரை 55-க்குக் கீழிருந்து, தொல்லையும் உடனிருந்து, சர்க்கரை உண்டதும் தெளிந்தால் மட்டுமே மருத்துவர் இதை உறுதி செய்வர். தெளிந்தபின் மறுநாள் எடுக்கும் சோதனையில் ஒன்றும் தெரியாமலே போகலாம்.