பேவர் கல் இடுக்கில் களை முளைக்காமல் இருக்க

நமது கடைகளுக்கும் கிட்டங்கிகளுக்கும் முன்னால் ஒரு காலத்தில் மண் தரை இருந்தது. பிறகு சிமெண்ட் தளம் வந்தது. கடந்த இருபது ஆண்டுகளில் நம்மில் பெரும்பாலோர் பேவர் பிளாக் எனப்படும் சிமெண்ட் கற்களைப் பதித்துவிட்டோம். பாரம் தாங்குகிறது, சேறு இல்லை, அடியில் குழாய் பழுதானால் நான்கு கல்லைப் பெயர்த்து வேலையை முடித்துத் திரும்பப் பதித்துக்கொள்ளலாம். இத்தனை வசதிக்கும் நடுவே ஒரு தொல்லை. நான்கு நாள் மழை பெய்து வெயில் அடித்தால் இடுக்கெல்லாம் பச்சை கட்டிவிடுகிறது. ஆள் விட்டுப் பிடுங்கினால் அடுத்த மாதமே மறுபடியும் நிற்கிறது. உறுப்பினர்கள் பலர் இதைப் பற்றிக் கேட்பதால், நாம் பார்த்ததையும் விசாரித்து அறிந்ததையும் இங்கே எழுதுகிறோம்.

புல்தானே, என்ன செய்துவிடும் என்று சிலர் கேட்கிறார்கள். பார்வைக்கு நன்றாயில்லை என்பது மட்டும்தான் குறை என்றால் நாமும் விட்டுவிடச் சொல்லுவோம். ஆனால் சுவரை ஒட்டி ஒரு சாண் உயரம் பூண்டு வளர்ந்தால் எலியும் பெருச்சாளியும் அதன் மறைவிலேயே கதவடி வரை வந்துவிடும். பெருச்சாளி கல்லுக்கு அடியில் இருக்கும் மணலைத் தோண்டி வெளியே தள்ளும். பிறகு லாரிச் சக்கரம் ஏறியதும் அந்த இடம் உள்ளே இறங்கும். எலியைத் தேடிப் பாம்பு வரும். இரவு இரண்டு மணிக்குச் சரக்கு இறங்குகிறது; லோடுமேன்கள் வெறுங்காலோடு நடக்கிறார்கள்; தலையில் மூட்டை இருப்பவருக்குக் காலடி தெரியாது. அந்தத் தளத்தில் விரியன் பதுங்க இடம் வைத்திருப்பது எந்த முதலாளிக்கும் நல்லதல்ல.

உணவுப் பொருள் விற்கிறவர்களுக்குச் சட்டமும் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த உரிம விதிமுறைகளின் நான்காம் அட்டவணை, சரக்கு வைக்கும் இடத்தை மட்டுமல்ல, சுற்றுப்புறத்தையும் எலி, பூச்சி அண்டாமல் துப்புரவாக வைத்திருக்கச் சொல்கிறது. அதிகாரி வந்தால் முதலில் மிதிப்பது முற்றத்தைத்தான்.

தளத்திலேயே சரக்கைக் காயப்போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஓரத்தில் நிற்கும் ஊமத்தையும் பிரமதண்டும் விதை உதிர்க்கும். பிரமதண்டு விதை பார்வைக்குக் கடுகு போலவே இருக்கும். 1998-இல் டெல்லியில் கடுகெண்ணெயில் இதன் எண்ணெய் கலந்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது எண்ணெய் வியாபாரிகளுக்கு நினைவிருக்கும். அது முற்றத்துக் களையால் வந்ததல்ல. ஆனாலும் அந்த விதை எவ்வளவு கொடியது என்பதற்காகச் சொல்கிறோம்.

இனி, களை எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். அடியில் இருக்கும் மண்ணிலிருந்து கல்லைத் துளைத்துக்கொண்டு வருகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். அதனால்தான் கல் பதிக்கும்போது கீழே பாலிதீன் தாள் விரிக்கச் சொல்லிக் கொத்தனாரிடம் வற்புறுத்துகிறார்கள். முளைத்த இடத்தில் ஒரு கல்லைப் பெயர்த்துப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும். குப்பைமேனி, அம்மான் பச்சரிசி, கீழாநெல்லி, பார்த்தீனியம் எதுவானாலும் அதன் வேர் இடுக்கின் மேல் ஓர் அங்குலத்தில்தான் கிளம்பியிருக்கும். இவற்றின் விதை மிகச் சிறியது. அரை அடி ஆழத்தில் கிடந்து, வெளிச்சமே படாமல் முளைத்து மேலே வரும் அளவுக்கு அதற்குள் சத்து கிடையாது. ஆகவே விதை மேலிருந்துதான் விழுகிறது. காற்றில் வருகிறது, காக்கை எச்சத்தில் வருகிறது, லாரி டயரில் ஒட்டிக்கொண்டு வருகிறது. விழுந்த விதை பிழைக்க வேண்டுமானால் கொஞ்சம் மண்ணும் ஈரமும் வேண்டும். அந்த மண்ணை இடுக்கில் சேர்த்து வைப்பது நாம்தான்.

அதிலும் தானிய வியாபாரிகளின் முற்றத்துக்குத் தனிச் சிறப்பு உண்டு. சாக்குத் தையலில் சிந்துகிற கம்பு, கேழ்வரகு, கொத்தமல்லி, வெந்தயம், கடுகு, எள் எல்லாம் உயிருள்ள விதைகள். எந்தக் கடை முன்னால் என்ன முளைத்திருக்கிறது என்பதை வைத்தே அங்கே என்ன சரக்கு இறங்குகிறது என்று சொல்லிவிடலாம். பச்சைப்பயறும் உளுந்தும் முழுசாகச் சிந்தினால் மூன்றாம் நாள் முளைவிடும். உடைத்த பருப்பும் அரிசியும் முளைக்காது. ஆனால் இடுக்கில் ஊறி மட்கி எருவாகும். தவிடு, உமி, சாக்குத் தூசி இவற்றைச் சொல்லவே வேண்டாம். விதையும் போட்டு எருவும் போட்ட பிறகு காலையில் கடை திறந்ததும் வாசல் தெளிக்கிறோம். அதாவது தண்ணீரும் பாய்ச்சிவிடுகிறோம்!

வாசல் தெளிப்பதை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. அது நம் வழக்கம், தூசியும் அடங்கும். முதலில் கூட்டி அள்ளிவிட்டுப் பிறகு தெளிக்கட்டும். சரக்கு இறங்கி முடிந்த உடனேயே, இரவானாலும், ஒருவர் கூட்டிவிட வேண்டும். காலைவரை கிடந்தால் பனியில் நனைந்து, ஆள் நடந்து, சிந்தியதெல்லாம் இடுக்குக்குள் இறங்கிவிடும். தென்னந்துடைப்பத்தால் இடுக்கின் குறுக்காகக் கூட்ட வேண்டும். இடுக்கின் போக்கிலேயே தள்ளினால் குப்பை உள்ளேதான் போகும். களைக்கொல்லியைத் தேடி அலைகிறவர்கள் முதலில் இந்த ஒன்றை ஒரு பருவம் செய்து பார்க்கட்டும். பாதிக் களை குறைந்துவிடும் என்பது நமது அனுபவம்.

மீதிப் பாதி இடுக்கு மணலைப் பொறுத்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அதில் சுத்தமான, காய்ந்த, சன்ன மணலை மேல்வரை இறுக்கமாக நிரப்பியிருக்க வேண்டும். மணலில் சத்து கிடையாது, தண்ணீரும் நிற்காது. இடுக்கு மணலால் நிறைந்திருந்தால் குப்பை தங்க இடமில்லை. பெரும்பாலான முற்றங்களில் நடப்பது வேறு. பதித்த அன்று ஒரு முறை மணலைத் தூவிப் பெருக்கிவிட்டுக் கொத்தனார் போய்விடுகிறார். இரண்டு மழையில் மணல் உள்ளே இறங்கிவிடும். மேலே அரை அங்குலம், ஓர் அங்குலம் காலியாகிறது. அந்தக் காலி இடத்தில்தான் தூசியும் தவிடும் சேர்ந்து மண்ணாகின்றன. ஆக, இடுக்கு மணலை வருடம் ஒரு முறை நிரப்புவது கூரைக்கு ஓடு மாற்றுவதைப் போன்ற ஒரு வேலை. அதை ஒருவரும் செய்வதில்லை.

இதற்கு எவ்வளவு மணல் வேண்டும் என்று கணக்குப் போட்டோம். எட்டு அங்குலத்துக்கு நாலு அங்குலம் உள்ள 80 மில்லிமீட்டர் கனக் கல், 3 மில்லிமீட்டர் இடுக்கு என்று வைத்துக்கொண்டால், ஆயிரம் சதுர அடி முற்றத்தின் மொத்த இடுக்கையும் நிரப்பச் சுமார் 11 கன அடி மணல் போதும். யூனிட் கணக்கில் ஒன்பதில் ஒரு பங்கு. வருடா வருடம் மேல் ஓர் அங்குலத்தை மட்டும் நிரப்ப மூன்றரை கன அடி, அதாவது மூன்று சிமெண்ட் சாக்கு. களை பிடுங்க நான்கு ஆளை நாலு தடவை கூப்பிடும் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எம் சாண்டாக இருந்தாலும் சரி, சல்லடையில் சலித்துச் சன்னமானதை எடுக்க வேண்டும். 2.36 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்குவது சரியான அளவு. கிரஷர் தூள் மலிவு என்று போடுகிறவர்கள் உண்டு. அதில் மாவு போன்ற பொடி அதிகம். ஈரத்தைப் பிடித்து வைத்துச் சேறாகிவிடும். நமக்கு வேண்டாதது அதுதான். நிரப்புவதற்கு முன் பழைய மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். தேய்ந்த சாக்கு ஊசியும், கம்பி பிரஷும் இதற்கு நன்றாக உதவும். மூட்டைக் கொக்கியின் நுனியால் வேரோடு இழுத்துப் போடும் லோடுமேன்களையும் பார்த்திருக்கிறோம். தளம் நன்றாகக் காய்ந்த நாளில் மணலைக் கொட்டித் துடைப்பத்தால் நாலா பக்கமும் தள்ளித் தள்ளி இறக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இறங்கியிருக்கும் இடத்தில் மறுபடியும் தள்ள வேண்டும். வண்டி கழுவும் பம்பை வைத்துத் தளத்தைப் பீய்ச்சிக் கழுவுவது இப்போது பெருகியிருக்கிறது. கல் பளிச்சென்று ஆகும். இடுக்கு மணல் முழுவதும் வாறுகாலுக்குப் போய்விடும். கழுவியே தீர வேண்டுமானால் மறுநாள் மணல் போடுவதற்கும் ஆள் சொல்லிவைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் நிற்கும் இடத்தில் மணல் போட்டும் பயனில்லை. குழாயடி, ஏசி தண்ணீர் சொட்டும் இடம், கூரைத் தண்ணீர் விழும் இடம் ஆகிய மூன்றையும் முதலில் சரிசெய்ய வேண்டும். புதிதாகப் பதிக்கிறவர்கள் பத்தடிக்கு இரண்டரை அங்குலம் வாட்டம் விடச் சொல்ல வேண்டும். கல்லுக்கு அடியில் 20 முதல் 40 மில்லிமீட்டர் மணல் போதும். சமமில்லாத தரையை மணலைக் கொட்டிச் சமன்செய்தால் நாளடைவில் கல் அமுங்கி இடுக்கு வாய்பிளக்கும். நாலு ஓரமும் கான்கிரீட்டால் கரை கட்டுவது மிக முக்கியம். கரை இல்லாவிட்டால் லாரி திரும்பும் ஒவ்வொரு முறையும் கற்கள் வெளிப்பக்கம் நகரும். பிறகு விரல் நுழையும் இடுக்கில் என்ன மணல் நிற்கும்? நடைபாதைக்குரிய 50, 60 மில்லிமீட்டர் கல்லை லாரி ஏறும் முற்றத்தில் போடுவதும் இதே வினைதான்.

மேலிருந்து வருவதுதான் களை என்று சொன்னோம். இதற்கு இரண்டு விலக்கு உண்டு. ஒன்று கோரை. அதற்கு மண்ணுக்குள் கிழங்கு. மேலே இலையைப் பறித்தால் கிழங்கு மறுபடியும் துளிர் விடும். அதன் முளை ஊசிபோல் கூர்மையானது. பாலிதீன் தாளையே குத்திக்கொண்டு வரும். புதிதாகக் கல் பதிக்கும் இடத்தில் கோரை இருந்தால் ஓர் அடி ஆழம் தோண்டிக் கிழங்கைப் பொறுக்கிய பிறகே ஜல்லி போட வேண்டும். ஏற்கெனவே பதித்த இடமானால் கோரை நிற்கும் நாலைந்து கல்லைப் பெயர்த்துக் கிழங்கை எடுத்துவிட்டுத் திரும்பப் பதிக்கலாம். மற்றொன்று அருகு. அது ஓரத்து மண்ணிலிருந்து கொடியாக ஓடி இடுக்குக்குள் நுழையும். கரை இருந்தால், அதைத் தாண்டும் கொடியை மாதம் ஒரு முறை வெட்டினால் தீர்ந்தது.

சுவரும் கல்லும் சேரும் மூலையில் அரசும் ஆலும் முளைப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். விட்டால் கட்டடத்தையே பிளக்கும். அரசை வெட்ட மனம் வராதவர்கள் இரண்டு இலை விட்டிருக்கும்போதே வேரோடு எடுத்துக் குளக்கரையில் நட்டுவிடலாம். மரமான பிறகு மனம் வருந்தி என்ன பயன்?

இடுக்கில் சிமெண்ட் பாலை ஊற்றி அடைத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் அதிகம். ஊற்றியவர்களின் முற்றத்தை இரண்டு வருடம் கழித்துப் போய்ப் பாருங்கள். பேவர் கல் தளம் பாரம் ஏறும்போது சற்று அசைந்து கொடுப்பது. அசையும் இடுக்கில் ஊற்றிய சிமெண்ட் மயிரிழையாக வெடிக்கும், வெடிப்பில் களை முளைக்கும். குழாய் பழுது என்று ஒரு கல்லை எடுக்கப் போனால் நாலு கல் உடையும். மழைத் தண்ணீரும் கீழே இறங்க வழியில்லாமல் தேங்கும்.

கல் உப்பைக் கரைத்துத் தெளிப்பதும் பழைய முறை. தரிசு நிலத்துப் பார்த்தீனியத்துக்கு லிட்டருக்கு 200 கிராம் உப்பு என்று சொல்லப்படுவது உண்மையே. ஆனால் ஷட்டரும், இரும்புத் தூணும், கம்பி கட்டிய கான்கிரீட்டும் இருக்கிற கடை வாசலுக்கு அது ஆகாது. உப்பு இரும்பைத் தின்றுவிடும். சின்னப் பூண்டுகளுக்குக் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினாலே கருகிவிடும். காலில் கொட்டிக்கொள்ளாமல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே, கையுறை போட்டுக்கொண்டு பிடுங்கச் சொல்லுங்கள். தொட்டால் சிலருக்கு உடம்பெல்லாம் அரிப்பெடுக்கும், மூச்சிரைப்பும் வரும்.

களைக்கொல்லி மருந்தைப் பற்றி நமது கருத்தை ஒளிக்காமல் சொல்லுகிறோம். உணவுச் சரக்கு வைத்திருக்கும் இடத்தில் அது வேண்டாம். கிளைபோசேட் இலை வழியாகப் போய் நிற்கிற செடியைக் கொல்லும்; நாளை விழப் போகும் விதையை ஒன்றும் செய்யாது. காலி இடுக்கில் அடுத்த மழைக்கு மறுபடியும் முளைக்கும். 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது. 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் தவிர வேறு யாரும் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவிக்கை வெளியிட்டது. பாராகுவாட் இன்னும் மோசம். வாய்க்குள் போனால் அதற்கு மாற்று மருந்தே கிடையாது. மீதியைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி மூலையில் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. தாகத்தோடு வரும் ஒரு லோடுமேன் அதை எடுத்துக் குடித்தால் யார் பதில் சொல்வது? ஏற்கெனவே அப்படி ஏதாவது கிட்டங்கியில் கிடந்தால், இன்றைக்கே அதை அடையாளம் எழுதிப் பூட்டி வைத்து, விற்ற கடையிலோ வேளாண்மை அலுவலகத்திலோ கேட்டு அப்புறப்படுத்துங்கள். வாறுகாலில் கொட்ட வேண்டாம்.

எப்போது செய்வது என்ற கேள்விக்கு நமது வழக்கத்திலேயே விடை இருக்கிறது. ஆடிப்பட்டம் நமக்கு மட்டுமல்ல, களைக்கும் பட்டம்தான். ஆடி, ஆவணியில் முளைத்ததைப் பூக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். ஆயுத பூஜைக்குக் கடையைத் துடைத்து வெள்ளையடிக்கிறோம் அல்லவா, அந்த வாரத்திலேயே முற்றத்து இடுக்கையும் சுரண்டி மணல் நிரப்பிவிட்டால், ஐப்பசி அடைமழைக்கு முன்னால் மணல் இறுகிவிடும். மணலை முன்கூட்டியே வாங்கித் தார்ப்பாயால் மூடிக் காய்ந்த நிலையில் வைத்திருங்கள். ஈர மணல் இடுக்கில் இறங்காது.