பாசறை நிலத்திற் பசுஞ்சோலை

படை தங்கிய நிலம் பாழ்படும் என்பது பலருடைய எண்ணம். ஐக்கிய அமெரிக்காவின் மேலைக் கரையிலே, சன் பிரான்சிஸ்கோ நகரத்துள் அமைந்த பிறெசிடியோ என்னும் பூங்கா அவ்வெண்ணத்தைப் பாதியளவே மெய்ப்பிக்கின்றது.

இஸ்பானியர் 1776 ஆம் ஆண்டில் அங்கு அரண் அமைத்தனர். பின்னர் அது மெக்சிக்கோவின் வசமாகி, 1846 முதல் அமெரிக்கப் படையின் கைக்கு வந்தது. படைக்கு வேண்டாத காலத்தில் அந்நிலம் பூங்காவுக்கே சேரல் வேண்டுமென 1972 இற் சட்டஞ் செய்யப்பட்டிருந்தது. அதனால் 1994 இற் படை நீங்கியபோது, ஏறக்குறைய 1,500 ஏக்கர் நிலம் வீடு கட்டி விற்பார் கைக்குப் போகாது தப்பியது.

கெட்டுப்போன பகுதியை முதலிற் காண்போம். கடலோரத்துச் சதுப்பு நிலம் 1915 ஆம் ஆண்டுப் பொருட்காட்சிக்காக மண்ணிட்டு நிரப்பப்பட்டது. பின்பு படையினர் அவ்விடத்தை விமானத் தளமாக்கினர்; அதுவே கிறிசி வெளி. பூங்காவினர் அங்கிருந்த தாரைப் பெயர்த்து, நஞ்சு கலந்த மண்ணை அகற்றி, வாய்க்கால் வெட்டி, 1999 இற் கடல்நீரை உள்ளே விட்டனர். தொண்டர் பலர் அந்நாட்டுக்குரிய செடிகளை நட்டனர். ஆயினும் மீட்ட சதுப்பு முன்னிருந்ததினும் மிகச் சிறிது. வற்றுப் பெருக்கில் வந்து மீளும் நீர் குறைவாதலின், அலை கொணரும் மணலை அரித்துச் செல்ல அதற்கு வலு போதாது. வாய்க்கால் அடைபட்ட வேளைகளில் இயந்திரங்கொண்டு திறக்க நேர்ந்தது.

அங்குள்ள பெருமரக் காடும் இயற்கையன்று. மணற்குன்றும் புல்லுமாய்க் கிடந்த மேட்டிலே, 1880 களில் மேஜர் ஜோன்ஸ் என்பவர் வகுத்த திட்டப்படி படையினர் யூக்கலிப்ரஸ், பைன், சைப்பிரஸ் மரங்களை நட்டனர். நிழல் நன்றுதான், அதனடியில் நாட்டுச் செடிகள் பல ஒடுங்கின என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி, தப்பிய பகுதி. நகரின் ஏனைய குன்றுகள் பல வீதியும் வீடுமாய் மூடப்பட்டபோது, பாசறை வேலிக்குள் வெறுநிலம் எஞ்சியது. மன்சனீற்றா என்னும் புதர்ச்செடியின் இனங்களுள் ஒன்று, பழைய இடுகாடொன்றை 1947 இல் அழித்தபோது காட்டு நிலையில் அற்றதெனக் கருதப்பட்டது. தாவரத் தோட்டங்களில் மட்டும் சில செடிகள் பேணப்பட்டன. அறுபது ஆண்டு கழிந்து, 2009 இல், பிறெசிடியோவின் ஊடே செல்லும் நெடுஞ்சாலையைப் புதுப்பிக்க மரங்களை வெட்டினர். அவ்வழியே மோட்டார் வண்டியிற் சென்ற தாவர அறிஞர் ஒருவர், வீதி நடுவே ஒரு திட்டில் அச்செடியைக் கண்டார். உலகிற் காட்டு நிலையில் எஞ்சியதாக அறியப்பட்டது அவ்வொன்றே!

வீதி நிற்கவில்லை, செடியும் அங்கு நிற்க இயலாது. 2010 தை மாதத்தில் வேரைச் சுற்றியிருந்த ஏறக்குறைய பத்துத் தொன் மண்ணோடு அதனைப் பெயர்த்துப் பூங்காவின் வேறோரிடத்தில் நட்டனர். ஒரு புதருக்கு இத்துணைப் பெருஞ் செலவா என முணுமுணுத்தோரும் உளர். வீதிக்கான செலவோடு ஒப்பிட்டால் அஃது ஒரு பொருட்டன்று என்பதே எம் கருத்து. செடி வேரூன்றியது. கிளைகளை வெட்டிப் பதியம் வைத்துக் கன்றுகளும் வளர்த்தனர். காண வருவோரின் காலடியில் அது மிதிபடலாகாதென்று, தாய்ச்செடி நிற்கும் இடத்தை அவர்கள் வெளியிடவில்லை.