இறக்கத்தில் பெட்ரோல் குடிக்காத கார்

குமுளியிலிருந்து லோயர் கேம்ப்புக்கு மலை இறங்கும்போது, பெட்ரோல் மிச்சமாகட்டும்னு காரை நியூட்ரலில் உருள விடுற ஆளா நீங்க? அப்படின்னா ஒரு சேதி.

நியூட்ரலில் உருண்டாலும், இன்ஜின் அணைஞ்சு போகாம இருக்கக் கொஞ்சம் பெட்ரோல் குடிச்சுக்கிட்டேதான் இருக்கும். அதே காரை கியரில் வச்சு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துப் பாருங்க. இப்போ சக்கரமே இன்ஜினைச் சுத்த வைக்குது. இந்தக் காலத்துக் கார்களில் இருக்கிற கம்ப்யூட்டர் அதைக் கண்டுக்கிட்டு, பெட்ரோலை அப்படியே நிறுத்திடும். ஆமாங்க, சொட்டுகூடப் போகாது! வேகம் குறைஞ்சு, இன்ஜின் அணையப் போற நேரத்தில்தான் திரும்பவும் திறந்துவிடும்.

பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஆனா கியர் வண்டியை இழுத்துப் பிடிக்கிறது எல்லாத்துக்கும் பொதுதான். போடிமெட்டு வளைவுகளில் மூக்கைத் துளைக்குமே, பிரேக் தீய்ஞ்ச வாடை, அதுவும் குறையும்.

மேகமலை போறீங்களா? சின்னமனூருக்கு இறங்கி வரும்போது, பக்கத்து சீட்டுக்காரரை மைலேஜ் காட்டுற திரையைக் கவனிக்கச் சொல்லுங்க. நீங்க ரோட்டைப் பாருங்க!