களைவெட்டியும் நமது கல்லாப்பெட்டியும்

ரமணாசிரமம் பகுதியில் கடை வைத்திருக்கும் நமக்குப் பௌர்ணமியைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 14 கி.மீ. கிரிவலப் பாதை முழுவதும் மக்கள் வெள்ளம். உணவு விடுதிக்கும் அன்னதானத்துக்கும் காய்கறி கேட்டு ஆள்மேல் ஆள் வருவார்கள். அந்தக் காயில் ஒரு பங்கு, சுற்றுக் கிராமங்களில் அரை ஏக்கர், ஒரு ஏக்கரில் பாடுபடுபவர்கள் விளைவித்தது. அவர்களில் பலர் நம் கடையில் பற்று வைத்திருப்பவர்கள். அவர்கள் தோட்டம் விளைந்தால்தான் நம் பற்று வரவாகும்.

இன்று அவர்களை வாட்டுவது களை. ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுபடியாவதில்லை. சின்னப் பாத்திக்குள் டிராக்டர் நுழையாது.

இதற்கு வழி செய்வதாக நினைத்து, சில ஆண்டுகளுக்கு முன் வெளியூரிலிருந்து தள்ளு களைவெட்டி ஒரு டஜன் இறக்கினோம். விற்றது இரண்டு, அதிலும் ஒன்று திரும்பி வந்தது. வெண்டை வரிசைக்கு அலகு அகலம் அதிகம். செம்மண் சரளையில் முனை மழுங்கியது. பெண்களுக்குக் கைப்பிடி நெஞ்சு உயரம் வந்தது. மீதிச் சரக்கு தூசி படிந்து, போட்ட பணமும் முடங்கியது.

திரும்பி வந்ததை நமக்குத் தெரிந்த கொல்லுப்பட்டறைக்கு எடுத்துப் போனோம். பெரியவர் முதலில் கேட்டது, "வரிசைக்கு வரிசை எத்தனை சென்டிமீட்டர்?" என்றுதான். அதை நாம் யாரிடமும் கேட்டதே இல்லை!

கணக்கு எளிது. வெண்டைக்கு 45 செ.மீ. இடைவெளி என்றால், வேர் அறுபடாமல் இருபுறமும் 10 செ.மீ. விட வேண்டும். அலகு 25 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்துத் துவைச்சல் போட்டால் சரளையைத் தாங்கும். முன்னால் பழைய சைக்கிள் சக்கரம். இடுப்பு உயரத்துக்கு ஏற்றி இறக்கக் கைப்பிடியில் மூன்று துளை. களை இளசாக இருக்கும்போதே ஓட்ட வேண்டும். முற்றினால் எந்தக் கருவியும் திணறும்.

இது புதிய வித்தையல்ல. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சாமுவேல் ஆலன் என்பவர் 19-ஆம் நூற்றாண்டிலேயே சக்கரக் களைவெட்டி செய்து விற்றார். அலகை மாற்றி மாட்டும் வசதிதான் அதன் சிறப்பு.

இப்போது நாம் களைவெட்டியை வாங்கி அடுக்குவதில்லை. பயிர், வரிசை இடைவெளி, ஓட்டுபவரின் உயரம் மூன்றையும் சீட்டில் எழுதி, முன்பணம் பெற்றுப் பட்டறைக்கு அனுப்புகிறோம். பட்டை, போல்ட், நட்டு விற்பனை நம்முடையது, கூலி கொல்லருடையது. தேக்கம் இல்லை.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையின் மானியம் அங்கீகரித்த இயந்திரங்களுக்கே. பட்டறைக் கருவிக்குக் கிடைக்காது. பவர் வீடர் வாங்க நினைப்பவரை அந்த அலுவலகத்துக்கே அனுப்புங்கள். ஒரு விற்பனை போனாலும் நம் நாணயம் நிற்கும்.

வணிக நண்பர்களே, அடுத்த முறை கருவி கேட்டு வருபவரிடம் விலையைச் சொல்லும் முன் பாத்தி அளவைக் கேளுங்கள்.